கப்பற்படை வரும்வரை: சிங்கப்பூர்த் தளமும் நாள் கணக்கும், 1919–1942

முதல் உலகப்போர் முடிந்தபோது தூரக் கிழக்கில் பிரிட்டனுக்குத் துறைமுகங்கள் இருந்தன. பெரிய போர்க்கப்பல்களை நிறுத்திப் பராமரிக்கும் இடம்தான் இல்லை. போர்க்காலத்தில் டார்பிடோ அடியைத் தாங்குவதற்காகக் கப்பல்களின் இரு விலாவிலும் எஃகுப் புடைப்புகள் சேர்க்கப்பட்டன. அகலம் கூடிய அந்தக் கப்பல்களுக்கு ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் இருந்த பழைய கப்பல்துறைகள் போதவில்லை. நிலக்கரியை விட்டு எண்ணெயில் ஓடத் தொடங்கிய புதிய கப்பல்களுக்கு வழிநெடுக எண்ணெய்க் கிடங்குகளும் வேண்டியிருந்தன, அவையும் இல்லை. 1919இல் லண்டனில் தொடங்கிய சிங்கப்பூர்ப் பாதுகாப்புத் திட்டம் இந்த இரண்டு குறைகளிலிருந்துதான் பிறந்தது.

அதுவரை அந்தக் குறைகள் உறுத்தாததற்குக் காரணம் ஜப்பான். 1902இல் கையெழுத்தான ஆங்கில–ஜப்பானிய உடன்படிக்கையை நம்பித்தான் பிரிட்டன் தன் பெரிய கப்பல்களை ஜெர்மனிக்கு எதிராக வடகடலில் குவித்துவைத்தது. கீழைக் கடல்களின் காவலில் ஜப்பானியக் கப்பற்படை கைகொடுத்தது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. வெளியேறும் வழியில் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் முடித்தது. அந்த ஒற்றைக் கப்பலைத் தேடி அலைந்த கப்பல்களில் ஜப்பானியக் கப்பல்களும் இருந்தன. 1915 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரில் 5ஆம் இலகு காலாட்படையைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, அதை அடக்க ஜப்பானிய, பிரெஞ்சு, ரஷ்யக் கப்பல்களிலிருந்து வீரர்கள் கரையிறங்கினர். பின்னர் 47 சிப்பாய்கள் ஊர் பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டனர். பேரரசின் முக்கியமான வணிகத் துறைமுகம் ஒன்றைக் காக்க அயல்நாட்டு மாலுமிகளின் துணை தேவைப்பட்டதை லண்டன் மறக்கவில்லை. ஆனால் அந்த உதவியைச் செய்த நாடே அடுத்த எதிரி என்று எழுதப்படுவதற்கு நான்கே ஆண்டுகள்தான் பிடித்தன.

எழுதியவர் அட்மிரல் ஜெலிகோ. ஜட்லாந்துக் கடற்போரில் பிரிட்டிஷ் கப்பற்படைக்குத் தலைமை தாங்கிய அவர், 1919இல் 'நியூசிலாந்து' என்ற போர்க்கப்பலில் இந்தியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று பேரரசு முழுவதும் சுற்றி, ஒவ்வொரு நாட்டுக்கும் கடற்பாதுகாப்பு அறிக்கை தந்தார். பசிபிக்கில் போர் வந்தால் அது ஜப்பானோடுதான் வரும். அதை எதிர்கொள்ளத் தூரக் கிழக்கிலேயே தனிக் கப்பற்படை நிலையாக நிற்கவேண்டும். அதில் 8 போர்க்கப்பல்களும் 8 போர்க் குரூசர்களும் இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. போர்க்கடனில் மூழ்கியிருந்த நாட்டுக்கு அது எட்டாத கனி. தனக்குத் தந்த வேலையின் எல்லையைத் தாண்டிவிட்டார் என்று கடற்படை அமைச்சகமே அவர்மேல் கோபப்பட்டது. இருந்தும் அவர் சொன்ன அடிப்படை தவறில்லை. கிழக்கில் கப்பற்படை இல்லாமல் கிழக்கைக் காக்க முடியாது. அந்த உண்மையை ஏற்றுக்கொண்டு, செலவை மட்டும் தவிர்க்க என்ன வழி என்பதே அடுத்த இரண்டு ஆண்டு விவாதமாயிற்று.

கிடைத்த விடை எளிமையானது. கப்பற்படை ஐரோப்பாவிலேயே இருக்கட்டும். கிழக்கில் அதற்கான தளத்தை மட்டும் கட்டிவைப்போம். போர் மூண்டால் கப்பல்கள் புறப்பட்டு வரும். இந்த யோசனைக்குச் சிங்கப்பூர் பொருந்தியது. ஹாங்காங் ஜப்பானுக்கு மிக அருகில் இருந்தது. கப்பல்கள் வந்து சேர்வதற்கு முன்பே விழுந்துவிடக்கூடும். சிட்னி தொலைவில் இருந்தது. அங்கிருந்து இந்தியப் பெருங்கடலுக்கும் சீனக் கடலுக்கும் ஒருசேரக் காவல் நிற்க முடியாது. சிங்கப்பூர் மலாக்கா நீரிணையின் வாசல். இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்லும் பாதைகளுக்கு நடுவே இருந்தது. 1921 ஜூன் 16இல் பிரிட்டிஷ் அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. கொள்கையளவில் என்பதுதான் முக்கியம். அடுத்த பத்தாண்டுகளுக்குப் பெரும்போர் எதுவும் வராது என்று கருதியே படைச்செலவைத் திட்டமிட வேண்டும் என 1919 ஆகஸ்டில் அதே அமைச்சரவை விதித்திருந்தது. போர் வராது என்ற விதியும் போருக்கான தளமும் ஒரே மேசையில் இருந்தன. பணம் கேட்டபோதெல்லாம் விதிதான் வென்றது.

எட்டு மாதத்துக்குள் உலக நிலையும் மாறியது. 1922 பிப்ரவரி 6இல் கையெழுத்தான வாஷிங்டன் உடன்படிக்கை, பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் ஆகியவற்றின் பெரிய போர்க்கப்பல்களை 5:5:3 என்ற விகிதத்தில் நிறுத்தியது. ஜப்பானுடனான பழைய நட்புறவு உடன்படிக்கையும் 1923இல் முடிவுக்கு வந்தது. அதே வாஷிங்டன் உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, பசிபிக்கில் கிழக்குத் தீர்க்கரேகை 110 பாகைக்கு அப்பால் புதிய கோட்டைகளையும் தளங்களையும் பிரிட்டன் கட்டக்கூடாது என்றது. ஹாங்காங் அந்தத் தடைக்குள் சிக்கியது. சிங்கப்பூர் ஏறக்குறைய 104 பாகையில் இருப்பதால் தப்பியது. அதன்பின் பிரிட்டனுக்கு வேறு தேர்வு இருக்கவில்லை.

தீவின் தெற்கே இருந்த கெப்பல் துறைமுகம் வணிகக் கப்பல்களால் நிரம்பி வழிந்தது. திறந்த கடலிலிருந்து எதிரிக் கப்பல் நேரே சுடவும் முடியும். ஆகவே தளத்துக்குத் தீவின் வடகரையில், ஜொகூர் நீரிணையை ஒட்டிய செம்பவாங் தேர்வாயிற்று. அங்கே ஆழமான, அமைதியான நீர் இருந்தது. தெற்குக் கடலிலிருந்து பார்த்தால் தீவு முழுவதும் அதை மறைத்து நின்றது. கடல்வழித் தாக்குதலை மட்டும் நினைத்தால் அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. ஆனால் நீரிணையின் மறுகரை மலாய்த் தீபகற்பம். தளத்தின் எதிரே ஒன்றிரண்டு கிலோமீட்டர் தொலைவில் ஜொகூர். அங்கே ஒரு பீரங்கி வந்து நின்றால் கப்பல்துறை முழுவதும் அதன் வீச்சுக்குள் அடங்கும்.

அதே ஆண்டுகளில்தான் ஜொகூர் கடற்பாலமும் கட்டப்பட்டது. 1924 ஜூன் 28இல் முறைப்படி திறக்கப்பட்ட அந்தக் கற்கரை, ரயிலையும் சாலையையும் தீவுக்குக் கொண்டுவந்தது. நீரிணையை இரண்டாகவும் பிரித்தது. கப்பல்கள் இனித் தளத்துக்குக் கிழக்கு வாயிலாக, சாங்கியைத் தாண்டித்தான் வரமுடியும். பீரங்கிகளைச் சாங்கியில் குவித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஜொகூரின் கூனோங் பூலாய் மலையிலிருந்து குழாயில் குடிநீரும் அந்தப் பாலத்தின் வழியாகவே வந்தது. 1931 கணக்கெடுப்பின்படி ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த தீவு அது. அரிசி வெளியிலிருந்து வந்தது. தண்ணீரில் ஒரு பங்கும் நீரிணைக்கு அப்பாலிருந்து வந்தது. திட்டம் தீட்டியவர்கள் கப்பல் வந்துசேரும் நாளைக் கணக்கிட்ட அளவு கவனமாக இதைக் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

பணக்கதை தனியாகச் சொல்லத்தக்கது. தொடக்க மதிப்பீடு ஏறக்குறைய ஒரு கோடி பவுண்டு. நிலத்தை நீரிணைக் குடியேற்ற அரசு தந்தது: 2,845 ஏக்கர். ஹாங்காங் இரண்டரை லட்சம் பவுண்டு தந்தது. நியூசிலாந்து பத்து லட்சம் பவுண்டைத் தவணைகளில் தர ஒப்புக்கொண்டது. ஆஸ்திரேலியா தளத்துக்கு நேரடியாகப் பணம் தரவில்லை. தன் கப்பற்படைக்கு இரண்டு குரூசர்களைக் கட்டச் சொல்லி அந்தச் செலவையே தன் பங்கு என்றது. கூட்டு மலாய் மாநிலங்கள் இருபது லட்சம் பவுண்டு தந்தன. அந்த மாநிலங்களின் கருவூலம் நிரம்பியது ஈயத்தாலும் ரப்பராலும். ரப்பர் தோட்டங்களில் விடிவதற்குள் பால்மரம் சீவப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய கூலிகள். பேரரசின் கிழக்குத் தளத்துக்குக் குடியேற்ற நாடுகள் தந்த தொகையில் மிகப்பெரிய பங்கில் அவர்கள் உழைப்பும் இருந்தது. தளத்தைப் பற்றிய ஆங்கில நூல்கள் நன்கொடைப் பட்டியலைத் தவறாமல் தருகின்றன. அந்தப் பணம் எங்கிருந்து விளைந்தது என்பதை அரிதாகவே சொல்கின்றன.

அரசியலும் திட்டத்தை விட்டுவைக்கவில்லை. 1924 பிப்ரவரியில் 'ஹூட்', 'ரிபல்ஸ்' ஆகிய பெருங்கப்பல்கள் உலகச் சுற்றுலாவில் சிங்கப்பூர் வந்து நின்றன. ஊரே திரண்டு பார்த்தது. அடுத்த மாதமே ராம்சே மெக்டொனால்டின் தொழிற்கட்சி அரசு தளப்பணியை நிறுத்துவதாக அறிவித்தது. உலகச் சமாதானம் பேசும் அரசு புதிய கோட்டை கட்டக்கூடாது என்பது அவர்கள் வாதம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கொதித்தன. ஆண்டு முடிவதற்குள் பழமைவாதக் கட்சி ஆட்சிக்குத் திரும்பிப் பணியைத் தொடர்ந்தது. ஆனால் அந்த அரசின் நிதியமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். தம் வாழ்நாளில் ஜப்பானோடு போர் வர எள்ளளவும் வாய்ப்பில்லை என்று 1924 டிசம்பரில் பிரதமர் பால்ட்வினுக்கு எழுதியவர் அவர். 1928இல் அவர் வற்புறுத்தலால் பத்தாண்டு விதி நாள்தோறும் புதுப்பிக்கப்படும் விதியாயிற்று. அதாவது, பத்தாண்டு என்ற கெடு எந்த நாளிலும் குறையாது; போர் எப்போதும் பத்தாண்டு தள்ளியே நிற்கும். 1929இல் மீண்டும் வந்த தொழிற்கட்சி பணியை மெதுவாக்கியது. இந்த இழுபறியில் எந்தக் கட்சியும் தனியாகக் குற்றவாளி அல்ல. நிறுத்தியவர்களும் கட்டியவர்களும் கப்பற்படையின் செலவைக் குறைப்பதில் ஒன்றாகவே நின்றார்கள்.

ஓசையில்லாமல் உருப்படியாக முடிந்த வேலை எண்ணெய்ச் சங்கிலிதான். பிரிட்டனிலிருந்து சூயஸ் வழியாகச் சிங்கப்பூர் ஏறக்குறைய 8,000 கடல் மைல். அவ்வளவு தூரத்தைப் பெருங்கப்பல்கள் கூட்டமாகக் கடக்க வேண்டுமானால் வழியில் நிரப்ப எண்ணெய் வேண்டும். அதற்காகக் கடல்வழி நெடுகக் கிடங்குகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் பெரியது திருகோணமலை. இயற்கைத் துறைமுகத்தின் வடக்கே, சீனன்குடாக் காட்டைத் திருத்தி 1920களில் தொடங்கி அடுக்கடுக்காக 101 எண்ணெய்த் தொட்டிகள் எழுப்பப்பட்டன. ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேல் கொள்ளும். இன்றும் இந்திய–இலங்கைப் பேச்சுவார்த்தைகளில் அடிபடும் அந்தத் தொட்டிகள், சிங்கப்பூருக்குப் போகும் கப்பற்படைக்காகக் கட்டப்பட்டவை.

கப்பல்களைத் திரட்டி, எண்ணெய் நிரப்பி, வந்துசேர எத்தனை நாள் ஆகும்? அத்தனை நாளும் தளம் தனியே தாக்குப்பிடிக்க வேண்டும். உதவி வரும்வரையான காலம் என்று படைத்துறையினர் குறித்த இந்த எண்ணே திட்டம் முழுவதற்கும் அச்சாணி. எத்தனை பீரங்கி, எத்தனை பட்டாளம், எவ்வளவு உணவு என்பதெல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் பிறந்தன. 1920களில் அது 42 நாள். ஆறு வாரத்துக்குள் ஜப்பான் பெரும்படை திரட்டித் தீபகற்பத்தில் இறங்கி, நூற்றுக்கணக்கான மைல் நடந்து வந்து தீவைப் பிடிக்க முடியாது என்று கருதினார்கள். கடலிலிருந்து நேரே திடீர்த் தாக்குதல்தான் வரக்கூடும். அப்படியானால் பெரிய பீரங்கிகள் போதும். 42 நாள் என்ற எண் சரியாக இருக்கும்வரை இந்த வாதத்தில் ஓட்டை இல்லை.

பீரங்கிகளா, விமானங்களா என்ற சண்டை பல ஆண்டு நீடித்தது. வான்படைத் தலைவர் ட்ரென்சார்ட், நிலையாகப் புதைத்துவைத்த பீரங்கிகளுக்குப் பதில் டார்பிடோ விமானங்களை வைக்கலாம் என்றார். கரையிலிருந்து நூறு மைலுக்கு அப்பாலேயே எதிரிக் கப்பலை விமானங்கள் தாக்கும், வேண்டாதபோது வேறிடம் அனுப்பலாம், செலவும் குறையும். அப்படி வேறிடம் அனுப்பிவிடுவார்கள் என்பதுதான் தங்கள் பயம் என்று கடற்படையும் தரைப்படையும் வாதிட்டன. ஆபத்து வரும் நாளில் விமானங்கள் வேறொரு கண்டத்தில் இருக்கும். பீரங்கி இருந்த இடத்தில் இருக்கும். பீட்டி தலைமையிலான கடற்படையினருக்கு, விமானம் பெருங்கப்பலை மூழ்கடிக்கும் என்பதில் நம்பிக்கையும் இல்லை. 1926இல் ஒரு சமரசம் வந்தது: முதல் கட்டமாக மூன்று 15 அங்குலப் பீரங்கிகளும் அவற்றுக்குத் துணையாகச் சிறியவையும் வைப்பது, மற்ற பெரிய பீரங்கிகள் வேண்டுமா, விமானங்கள் வேண்டுமா என்பதைப் பின்னால் பார்த்துக்கொள்வது. 1927இல் ஜெனரல் வெப் கில்மன் நேரில் வந்து பீரங்கி இடங்களைத் தேர்ந்தார். சிங்கப்பூரின் கில்மன் படைமுகாம் அவர் பெயரைத் தாங்கியது. 1932இல் பால்ட்வின் தலைமையிலான குழு, இரண்டும் தேவை, ஆனால் பீரங்கியே முதுகெலும்பு என்று முடித்துவைத்தது.

கட்டி முடித்தபோது 29 கரைப்பீரங்கிகள் இருந்தன: 15 அங்குலம் ஐந்து, 9.2 அங்குலம் ஆறு, 6 அங்குலம் பதினெட்டு. 15 அங்குலக் குண்டு ஒன்றின் எடை ஏறக்குறைய 880 கிலோ. 30 கிலோமீட்டருக்கு மேல் பாயும். சாங்கியில் மூன்றும் தென்மேற்கே புவனா விஸ்தாவில் இரண்டும் வைக்கப்பட்டன. சாங்கிப் பீரங்கித் தொகுதிக்கு ஜொகூர் என்று பெயர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1935 வெள்ளிவிழாவுக்கு ஜொகூர் சுல்தான் அளித்த ஐந்து லட்சம் பவுண்டு நன்கொடைக்கு நன்றியாக வைத்த பெயர் அது. இந்தப் பீரங்கிகள் கடலை மட்டுமே பார்த்தன, திரும்பவே முடியாதவை என்ற கதை இன்றும் தமிழில்கூட எழுதப்படுகிறது. அது உண்மையல்ல. சாங்கியில் மூன்றில் இரண்டு முழுவட்டம் சுழலக்கூடியவை. குறை குண்டில் இருந்தது. கப்பலின் கவசத் தகட்டைத் துளைத்து உள்ளே வெடிக்கும் குண்டுகளே பெரும்பாலும் இருப்பில் இருந்தன. மண்ணில் விழுந்தால் ஆழப் புதைந்துவிடும், பரவலாகச் சிதறி ஆட்களை வீழ்த்தாது. எதிரி கப்பலில்தான் வருவான் என்ற எண்ணம் பீரங்கியின் திசையைக் காட்டிலும் குண்டுக் கிடங்கில்தான் தெளிவாகத் தெரிந்தது.

தளம் இதற்கிடையே மெல்ல எழுந்தது. 1928இல் இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் கட்டிய 50,000 டன் மிதவைக் கப்பல்துறையை டச்சு இழுவைக் கப்பல்கள் சூயஸ் வழியாக இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தன. செம்பவாங் சதுப்பை வற்றவைத்து, ஆற்றைத் திருப்பி, மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பினார்கள். சர் ஜான் ஜாக்சன் நிறுவனம் ஒப்பந்தம் எடுத்தது. சீனரும் தமிழரும் மலையாளிகளும் அந்த மண்ணைச் சுமந்தார்கள். தளத்தில் வேலைக்கு அமர்ந்த இந்தியக் குடும்பங்கள் அதையொட்டிக் குடியேறிய பகுதியில் கோயிலும் கடையும் பின்னாளில் தழைத்தன.

1931 செப்டம்பரில் ஜப்பான் மஞ்சூரியாவுக்குள் புகுந்தது. 1932 ஜனவரியில் ஷாங்காயில் குண்டு விழுந்தது. அந்த மார்ச்சில் பத்தாண்டு விதி கைவிடப்பட்டது. அதன்பின் பணிகள் வேகம் பிடித்தன. 1938 பிப்ரவரி 14இல் ஆளுநர் ஷென்டன் தாமஸ் ஏறிவந்த 'சீ பெல்' படகு, நுழைவாயிலில் கட்டிய நாடாவை அறுத்துக்கொண்டு ஆறாம் ஜார்ஜ் உலர் கப்பல்துறைக்குள் நுழைந்தது. 1,000 அடி நீளம், 130 அடி அகலம். அன்று உலகில் மிதந்த எந்தப் போர்க்கப்பலையும் அது ஏற்கும். விருந்தினராக மூன்று அமெரிக்கக் குரூசர்கள் வந்திருந்தன. பிரிட்டனின் பெரிய போர்க்கப்பல் ஒன்றுகூட அங்கே நிலையாக நிற்கவில்லை.

திட்டத்தின் அடிப்படையையே அசைத்த கேள்வி லண்டனிலிருந்து வரவில்லை, மலாயாவிலிருந்து வந்தது. 1935இல் அங்கே படைத்தளபதியாகப் பொறுப்பேற்ற வில்லியம் டாபி, தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், அதாவது அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள், படை இறங்க முடியாது என்ற பழைய நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார். இறங்க முடியும் என்று தெரிந்தது. போதாக்குறைக்கு, அந்த மாதங்களின் மேகமூட்டம் கண்காணிப்பு விமானங்களின் கண்ணிலிருந்து வருபவனை மறைக்கும். அவருடைய தலைமை அதிகாரியாக இருந்த ஆர்தர் பெர்சிவல், ஜப்பானியத் தளபதியின் இடத்தில் தன்னை வைத்து 1937இல் ஒரு தாக்குதல் திட்டம் எழுதினார். தெற்குத் தாய்லாந்தில் சிங்கோராவிலும் பத்தானியிலும், மலாயாவின் கோத்தா பாருவிலும் இறங்கி விமானத் திடல்களைப் பிடித்து, அங்கிருந்து தெற்கே நகர்வது என்பது அதன் சாரம். காடு ஊடுருவ முடியாதது என்பதையும் டாபி மறுத்தார். தோட்டங்களுக்காகவும் சுரங்கங்களுக்காகவும் பிரிட்டிஷாரே போட்ட நல்ல சாலைகள் மேற்குக் கரை நெடுகக் கிடந்தன.

இந்த அறிக்கைகளை முன்னறிவிப்பு என்று புகழ்வது எளிது. அவற்றுக்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் மனம் கனக்கிறது. ஜொகூரில் கோட்டா திங்கியை ஒட்டி ஒரு பாதுகாப்பு வரிசை கட்ட டாபிக்கு 60,000 பவுண்டு ஒதுக்கப்பட்டது. ஒரு 15 அங்குலப் பீரங்கியையும் அதன் மேடையையும் நிறுவும் செலவோடு ஒப்பிட்டால் அது சில்லறை. அதிலும் 23,000 பவுண்டே செலவானது. 1939இல் அவர் போனபின் வேலை நின்றது. சில சிமெண்ட் காவலறைகள் மட்டும் காட்டுக்குள் மிஞ்சின.

அதே காலத்தில் வான்படை வடக்கிலும் கிழக்கிலும் விமானத் திடல்கள் கட்டியது. கோத்தா பாரு, குவாந்தான் போன்ற இடங்களைத் தேர்ந்தது தூரக் கடலுக்குப் பறப்பதற்காக. அவற்றை யார் காப்பது என்று தரைப்படையிடம் கேட்கவில்லை. கடற்கரைக்கு அருகே இருந்த திடல்களைக் காக்கப் பட்டாளத்தைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்துப் பரப்பவேண்டியதாயிற்று. திடல்கள் இருந்தன, அவற்றில் நிற்கப் போதிய விமானங்கள் வரவேயில்லை. தீவைக் காக்கும் திட்டம் இப்படித்தான் தன்னையறியாமல் தீபகற்பம் முழுவதையும் காக்கும் திட்டமாக மாறியது. படையும் பணமும் மட்டும் தீவின் அளவிலேயே நின்றன.

நாள் கணக்கும் நீண்டுகொண்டே போனது. இத்தாலி அபிசீனியாவைத் தாக்கியபின் மத்தியதரைக் கடலும் பகைக் கடலாகும் நிலை வந்தது. ஜெர்மனி மீண்டும் கப்பல் கட்டியது. ஒரே கப்பற்படை மூன்று எதிரிகளை மூன்று கடல்களில் எதிர்கொள்ள வேண்டும். 42 நாள் 70 ஆயிற்று. 1939 ஜூலையில் 90. செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் மூண்டதும் 180. அரை ஆண்டு தனித்து நிற்கவேண்டிய தளத்துக்கு ஆறு வாரத்துக்கான ஏற்பாடே அடித்தளமாக இருந்தது. ஆறு வாரத்தில் எதிரி தீபகற்பத்தைக் கடக்க முடியாது என்ற பழைய வாதமும் அத்தோடு செத்தது. 180 நாளில் கடக்கலாம். எண்ணை மாற்றியவர்கள் அந்த எண்ணிலிருந்து பிறந்த மற்றவற்றை மாற்றவில்லை. தளம் கட்ட எடுத்த காலதாமதத்தைக் காட்டிலும் இதுவே பெரிய பிழை.

1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. பிரெஞ்சுக் கப்பற்படையின் துணை போயிற்று. செப்டம்பரில் ஜப்பானியப் படைகள் வடக்கு இந்தோசீனாவுக்குள் வந்தன. அதற்கு முன்பே, ஆகஸ்டில், பிரிட்டனின் முப்படைத் தலைவர்கள் தூரக் கிழக்கு நிலையை மறுமதிப்பீடு செய்து, கப்பற்படை அனுப்ப முடியாது என்று எழுதினார்கள். அந்த இடத்தை விமானங்கள் நிரப்ப வேண்டும்; 1941 இறுதிக்குள் 336 முதல்வரிசை விமானங்கள் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சிங்கப்பூரில் இருந்த தளபதிகள் 550க்கும் மேல் கேட்டார்கள். ட்ரென்சார்ட் தோற்ற வாதம் பதினான்கு ஆண்டு கழித்து வேறுவழியின்றி வென்றது; ஆனால் விமானங்கள் அப்போது வேறெங்கோ தேவைப்பட்டன.

அந்த மதிப்பீட்டின் பிரதி ஒன்று சிங்கப்பூருக்கு 'ஆட்டோமெடான்' என்ற வணிகக் கப்பலில் அனுப்பப்பட்டது. 1940 நவம்பர் 11இல் சுமத்ராவுக்கு மேற்கே 'அட்லாண்டிஸ்' என்ற ஜெர்மன் கப்பல் அதை மடக்கிப் பையோடு கைப்பற்றியது. டிசம்பரில் அந்தத் தாள்கள் டோக்கியோவில் ஜப்பானியக் கடற்படையின் மேசையில் இருந்தன. இருபது ஆண்டு விவாதத்தின் முடிவு எதிரிக்கு முழுமையாகத் தெரிந்துவிட்டது: கப்பற்படை வராது.

1941 டிசம்பர் தொடங்கியபோது மலாயாவில் பறக்கத் தயாராக இருந்த விமானங்கள் 158. அவற்றில் கப்பலைத் தாக்கக்கூடியவை பெரும்பாலும் 'வில்டபீஸ்ட்' என்ற பழைய இரட்டைச் சிறகு டார்பிடோ விமானங்கள். டிசம்பர் 2இல் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' போர்க்கப்பலும், 1924இல் விழாக்கோலத்தில் வந்துபோன 'ரிபல்ஸ்' கப்பலும் செம்பவாங் வந்து சேர்ந்தன. அத்தனை ஆண்டு காத்திருந்த கப்பற்படையில் அந்த இரண்டுதான் வந்த பெருங்கப்பல்கள். டிசம்பர் 8இல் ஜப்பானியர் சிங்கோராவிலும் பத்தானியிலும் கோத்தா பாருவிலும், பருவக்காற்றுக் காலத்தில், இறங்கினர். 10ஆம் தேதி குவாந்தான் கடற்பகுதியில் ஜப்பானிய விமானங்கள் இரு கப்பல்களையும் மூழ்கடித்தன. தீபகற்பத்தை அவர்கள் கடக்க 55 நாள் ஆனது. ஜனவரி 31இல் பின்வாங்கிய படைகள் கடற்பாலத்தை உடைத்தன. குடிநீர்க் குழாயும் அதோடு அறுந்தது. அதற்குள் கடற்படைப் பணியாளர்கள் தளத்தைக் கைவிட்டிருந்தனர். பலர் இலங்கைக்குக் கப்பலேறினர். சாங்கிப் பீரங்கிகள் வடக்கே திரும்பி ஜொகூரை நோக்கிச் சுட்டன. உலர் கப்பல்துறை திறந்து நான்கு ஆண்டும் ஒரு நாளும் ஆன 1942 பிப்ரவரி 15இல் பெர்சிவல் சரணடைந்தார். தீபகற்பத்தின் படைத்தளபதியாக அப்போது திரும்பியிருந்தவர் அவரே.

பிரிட்டனின் கிழக்குக் கப்பற்படைக்கு அதன்பின் இலங்கையே ஒதுங்குமிடம். ஏப்ரல் 9இல் ஜப்பானியத் தாங்கிக் கப்பல்களின் விமானங்கள் திருகோணமலையையும் தாக்கின; எண்ணெய்த் தொட்டி ஒன்று தீப்பற்றியது. கப்பற்படையின் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் கிலிண்டினித் துறைமுகத்துக்கு நகர்ந்தது. இந்தியப் பெருங்கடலின் பாதுகாப்புத் திட்டம் அங்கிருந்து புதிதாக எழுதப்பட்டது.